சவுட்டு: தேங்காப்பட்டணத்திலிருந்து திற்பரப்புக்கு ஒரு சைக்கிள் பயணம்

சைக்கிளை விற்றுவிடலாம் என்று முடிவெடுத்த பிறகுதான் இந்தப் பயணத்துக்குக் கிளம்பினேன்.

போன வருடம் வியட்நாமின் வடக்கு மலைகளில் ஓர் இறக்கத்தில் சரளைக்கல் சறுக்கி விழுந்ததில் என் இடது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு சீக்கிரமே கூடிவிட்டது. கூடாதது வேறொன்று. இறக்கத்தைப் பார்த்தாலே இரண்டு கைகளும் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன, விடச் சொன்னாலும் விடுவதில்லை. மலேசியாவின் ஈப்போவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன மேட்டில்கூட இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வருவேன். இறங்க முடியாதவளுக்கு ஏறுவதில் என்ன இருக்கிறது? விற்பனைக்கு என்று ஒரு படம் போட்டேன். பக்கத்து ஊரான கம்பாரிலிருந்து தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் கேட்டார். பொங்கல் விடுப்பில் இந்தியா போகிறேன், ஞாயிற்றுக்கிழமை முடிவைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தகவல் அனுப்பினேன்.

இந்தியா என்றால் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரம். என் தோழி ஷமீமாவின் ஊரான தேங்காப்பட்டணம். கோலாலம்பூரில் ஒரே ஆய்வகத்தில் மூன்று வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். பிறகு அவள் ஊர் திரும்பிவிட்டாள். நான் விற்கப்போகும் செய்தியைச் சொன்னதும் அவள் சொன்னது இதுதான்: "ஒருக்கா எங்க ஊரு ரோட்டப் பாரு. அதுக்குப் பொறவு வித்துக்கோ. நான் தடுக்கமாட்டேன் கேட்டியா."

விமானம் திருவனந்தபுரத்தில் இறங்கியது. அங்கிருந்து குழித்துறைக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், அப்புறம் ஆட்டோ. தமிழ்நாட்டுக்குப் போக விரும்புகிறவர்கள் மதுரையையோ சென்னையையோ நினைப்பார்கள். குமரி மாவட்டத்துக்கு இந்த வழிதான் பக்கம்.

வேற்று நாட்டுச் சாலையில் வண்டி ஓட்டுவதில் இருக்கும் இன்பத்தை நான் பலருக்கு விளக்க முயன்று தோற்றிருக்கிறேன். சொந்த ஊர்ச் சாலையில் நாம் போய்ச் சேருகிறோம், அவ்வளவுதான். வேற்று நாட்டுச் சாலையில் ஒவ்வொரு திருப்பத்தையும் படிக்கவேண்டியிருக்கிறது. இலங்கையின் தெற்குக் கடற்கரையில் மோட்டார் சைக்கிள் ஓட்டியபோது, மூடிய தலைக்கவசத்துக்குள்ளும் கருவாட்டு வாசனை வந்தது. தாய்லாந்தில் மழைக்கு ஒதுங்கிய பெட்ரோல் நிலையத்தில் பெயர் தெரியாத ஒரு பெண் என் ஈரக் காலுறைகளை வாங்கிக் கொடியில் போட்டாள். பேருந்தில் போயிருந்தால் இவை எனக்குக் கிடைத்திருக்காது. மோட்டார் சைக்கிள் வாசனைகளைத் தரும். சைக்கிள் அதோடு பேச்சையும் தரும். அந்த வேகத்தில்தான், வாசலில் நின்று பேசுகிறவர்களின் ஒரு முழு வாக்கியம் காதில் விழும்.

குமரியில் அந்த வாக்கியங்கள் தமிழில் இருந்தன. ஆனால் எனக்குப் பாதிதான் புரிந்தது. தமிழ் பேசும் நாட்டிலேயே வெளிநாட்டுக்காரியாக இருப்பது புது அனுபவம்.

முதல் காலையிலேயே அது தொடங்கிவிட்டது. ஷமீமாவின் அண்ணன் துபாயில் வேலை பார்த்தபோது வாங்கிய கியர் சைக்கிள், மாடிப்படிக்குக் கீழே துணி போர்த்தி நின்றது. அதைக் கழற்றி அட்டைப்பெட்டியில் கட்டிக் கொண்டுவந்தவர், மறுபடி துபாய்க்குப் போகும்போது இங்கேயே விட்டுவிட்டார். நான் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது அவளுடைய அம்மா, அவள் வாயில் உம்மா, வந்து பார்த்தார்.

"இதுலயா திற்பரப்பு அருவி வரைக்கும் போற? ஏற்றம்லா மக்கா. நல்லா சவுட்டணும்."

எங்கள் வீட்டில் சவட்டுவது என்றால் அடித்து நொறுக்குவது. சின்ன வயதில் அம்மா கோபத்தில் சொல்லும் சொல். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"யாரை?" என்று கேட்டேன்.

ஷமீமா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உம்மா, இவ யாரச் சவுட்டணும்னு கேக்கா!"

"என்னையச் சவுட்டாம இருந்தாச் செரி" என்று சொல்லிவிட்டு உம்மா புட்டும் கடலைக்கறியும் எடுத்துவைக்க உள்ளே போனார்.

சவுட்டு என்றால் மிதி. மாடு உதைப்பதும் சவுட்டுதான், சைக்கிள் மிதிப்பதும் சவுட்டுதான். மலையாளக் கரையின் சொல் இங்கே தமிழுக்குள் சௌகரியமாகக் குடியேறியிருக்கிறது. "காலால என்ன செஞ்சாலும் சவுட்டுதான்" என்றாள் ஷமீமா. நான் எனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டேன். சவுட்டு என்றால் சைக்கிளை மிதி. முடிந்தது பாடம்.

இன்னொரு வேடிக்கை. மலேசியாவில் நாங்கள் எதற்கெடுத்தாலும் "லா" போடுவோம். இவர்களும் போடுகிறார்கள். என் லா வாக்கியத்தை மென்மையாக்குகிறது. இவர்கள் லா, "அல்லவா" என்று கையைப் பிடித்து ஒப்புக்கொள்ள வைக்கிறது. கோலாலம்பூரில் மூன்று வருடமும் ஷமீமாவுக்கு மலேசியப் பேச்சு ஒட்டிக்கொண்டது என்று நினைத்திருந்தேன். அது ஊரிலிருந்தே கொண்டுவந்தது.

முதல் நாள் சைக்கிளில் ஏறவில்லை. ஷமீமாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து கடலோரமாகவே குளச்சல் வழியாகக் கன்னியாகுமரி வரை போனோம். ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். நடுநடுவே நின்றதால் மூன்று மணி நேரம் ஆனது. மீன்பிடி ஊர்களுக்குள் சாலை மிகவும் குறுகலானது. வலை உலர்த்துகிறவர்களும் மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் பந்து விளையாடுகிறவர்களும் அதே சாலையில்தான். யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. இந்தச் சாலையை வேகமாகக் கடப்பது, நடந்துகொண்டிருக்கும் உரையாடலில் குறுக்கே பேசுவதைப்போல.

திரும்பும்போது சுசீந்திரம், நாகர்கோவில் வழியாக வந்தோம். ஜனவரியில் நாஞ்சில் நாட்டு வயல்கள் பச்சையாக இருக்கும். நெல்லுக்கு நடுவில் தாமரைக் குளங்கள், பின்னால் ஒரே தாவலில் எழுந்து நிற்கும் மலை. சமவெளியிலிருந்து மலை இவ்வளவு திடீரென்று தொடங்குவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வண்டியின் பின்னால் இருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. சாலையைப் பார்க்கவேண்டியதில்லை. நான் மலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். பார்த்துக்கொண்டே இருந்ததில் மணிக்கட்டு வலிப்பதுபோலவும் இருந்தது.

மறுநாள் காலை ஆறரைக்குக் கிளம்பினோம். நான் சைக்கிளில், ஷமீமா ஸ்கூட்டரில் பின்னால். புதுக்கடை வழியாக மார்த்தாண்டம் வரை பன்னிரண்டு கிலோமீட்டர். பெரிய ஏற்றம் கிடையாது. மார்த்தாண்டத்து நெரிசலை ஏழரைக்குள் தாண்டிவிடுங்கள். அதற்கு மேல் பள்ளிப் பேருந்துகளோடு போட்டி போடவேண்டும். அங்கே ஒரு கடையில் மட்டிப் பழம் ஒரு சீப்பு வாங்கினேன். விரல் நீளம்தான், மெல்லிய தோல், தேன் மணம். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்காகவே காய்த்ததுபோல ஒரு கையால் உரித்துவிடலாம்.

மார்த்தாண்டத்திலிருந்து சிதறால் ஏழு கிலோமீட்டர். இங்கிருந்துதான் ரப்பர் தோட்டங்கள். எங்கள் பக்கம் பால்மரம் என்போம். எங்கள் பேராக் மாநிலத்தில் அவற்றை வெட்டி, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டு எவ்வளவோ காலமாகிறது. ஒரு வீட்டு முற்றத்தில் ரப்பர் ஷீட்டுகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் சைக்கிளை நிறுத்திவிட்டேன்.

"என்னட்டி, சர்த்தி வருதா?" என்று, நான் வாந்தியெடுக்கப்போகிறேன் என நினைத்து ஷமீமா பதறினாள்.

"இல்ல. தெரிஞ்ச வாசனை."

"இந்த நாத்தத்துக்கா விமானம் ஏறி வந்த?"

ஜனவரியில் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கின்றன. சாலையின் இரு பக்கமும் செம்பழுப்பு இலைகள். சக்கரம் ஏறும்போது அப்பளம் நொறுங்கும் ஓசை. வேற்று நாட்டுச் சாலையில் மிக அரிதாக நடக்கும் ஒன்று இது. போயிராத இடம் நம்மை ஏற்கெனவே அறிந்திருக்கிறது.

சிதறால் குன்றின் அடிவாரத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு ஏறினோம். கல் பாவிய பாதை, நிதானமாக ஏறினால் இருபது நிமிடம். மேலே பாறைமுகப்பில் வரிசையாகச் சமண உருவங்கள். காற்றில் ஒரு விரல் நகர்ந்தாலும் தெரிந்துவிடும் என்பதுபோன்ற அசையாமை. ஆயிரம் வருடத்துக்கும் முந்தியவை. அவற்றைச் செதுக்கியவர்களும் வழிபட்டவர்களும் தினம் இந்தக் குன்றை ஏறி இறங்கியிருப்பார்கள். வரலாற்றில் ஏறியவர்களைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். இறங்கியவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எனக்கு அந்தக் குறிப்புதான் தேவையாக இருந்தது.

உச்சிப் பாறையிலிருந்து நான் போகவேண்டிய திசையைப் பார்த்தேன். தென்னையும் ரப்பருமாக மடிப்பு மடிப்பாக மேடு பள்ளங்கள். ஷமீமா அதைக் கவனித்திருக்கவேண்டும்.

"வேண்டாம்னா திரும்பீரலாம். உம்மாட்ட பஞ்சர்னு சொல்லிருவோம்."

"போவோம். முடியலன்னா உருட்டுறேன்."

அருமனை, களியல் வழியாகத் திற்பரப்புக்கு ஏறக்குறைய பதினான்கு கிலோமீட்டர். அருமனை வரை இரண்டு இறக்கங்களில் சைக்கிளை உருட்டினேன். ஷமீமா என் நடைவேகத்துக்கு ஸ்கூட்டரை உறுமவிட்டுக்கொண்டு வந்தாள். மூன்றாவது இறக்கத்தில் வெட்கம் வந்துவிட்டது. இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே இரண்டு பிரேக்கையும் நெரித்துக்கொண்டு ஊர ஆரம்பித்தேன்.

சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும். மிக மெதுவாக இறங்குவதுதான் மிக ஆபத்து. வேகமில்லாத சைக்கிள் நிற்கவும் தெரியாமல் போகவும் தெரியாமல் தள்ளாடும். நானும் தள்ளாடினேன். இலைச் சருகில் பின்சக்கரம் ஒருமுறை வழுக்கியது. கை இன்னும் இறுகியது. ஓரத்தில் போய்க்கொண்டிருந்தவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாலை நடுவுக்கு வந்துவிட்டேன். அப்போது கீழே வளைவிலிருந்து ஒரு பேருந்து ஏறி வந்தது.

ஓட்டுநர் ஹாரனில் கைவைத்தார். எடுக்கவில்லை. பின்னாலிருந்து ஷமீமாவின் குரல், தோட்டமே எதிரொலிக்கும்படி:

"சவுட்டு! ஏட்டி சவுட்டு! சவுட்டு!"

நான் சவுட்டினேன்.

யோசித்துச் செய்ததல்ல. முந்தைய நாள் காலையில் படித்த சொல், காலுக்கு நேராகப் போனது. மிதித்தபோது கைகள் தாமாக இளகின. சைக்கிள் சட்டென்று நிமிர்ந்தது, கோடு பிடித்ததுபோல் இடப்பக்கம் திரும்பியது. பேருந்தின் சிவப்புப் பக்கத்தகடு என் வலது முழங்கையைக் கடந்து போனது. படியில் நின்ற நடத்துநர் தலையை நீட்டி, "ரோட்டுல கோலமா போடுத பிள்ளே?" என்று கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது. சொன்னேன் அல்லவா, சைக்கிளின் வேகத்தில் முழு வாக்கியமும் கேட்கும்.

நான் நிற்கவில்லை. நிற்கமுடியவில்லை என்பதைவிட, நிற்கத் தோன்றவில்லை. வளைவில் உடம்பு சாய்ந்தது, சைக்கிளும் சாய்ந்தது. ஒரு வருடமாக மறந்திருந்த அந்தக் காற்று சட்டைக்குள் புகுந்து முதுகுவரை ஓடியது. கீழே ஒரு சின்னப் பாலம், அதன் அடியில் நீர், அப்புறம் எதிர்மேடு. அது என்னைப் பாதிவரை ஏந்திக்கொண்டுபோய் மெதுவாக நிறுத்தியது. காலை ஊன்றினேன். சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

ஷமீமா வந்து ஸ்கூட்டரை நிறுத்தினாள். முகம் வெளுத்திருந்தது.

"ஒனக்கு வட்டா, கிறுக்கா? சவுட்டு சவுட்டுன்னு தொண்ட கிழிய கத்துகேன், நீ பாட்டுக்குப் போற!"

"சவுட்டுனேனே!"

"எங்க சவுட்டுன? பறந்துலா போன!"

"நீதான சவுட்டச் சொன்ன?"

"நான் பிரேக்கச் சவுட்டச் சொன்னேம்ட்டி!"

பிறகு விவரம் வெளியே வந்தது. ஷமீமா ஒரு மாதமாகக் கார் ஓட்டப் பழகுகிறாள். பக்கத்தில் உட்காரும் பயிற்சி ஆசிரியர், எதிரே எது வந்தாலும் "சவுட்டு, சவுட்டு" என்று அலறுவாராம். அங்கே சவுட்டு என்றால் பிரேக். நில் என்று அர்த்தம். காலால் என்ன செய்தாலும் சவுட்டுதான் என்று அவள் சொன்னபோது நான் மீதிப் பாடத்தையும் கேட்டிருக்கவேண்டும்.

"சைக்கிள்ல பிரேக் கையில இருக்கு ஷமீமா."

"எனக்கு எப்படிட்டி அந்நேரம் தோணும்? பஸ்லா வருது!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லவேள, நான் சொன்னது ஒனக்குப் புரியல."

பயம் அந்த ஓர் இறக்கத்தில் போய்விட்டது என்று எழுதினால் பொய். அடுத்த இறக்கத்தின் தொடக்கத்தில் கைகள் மறுபடி பிரேக்கைத் தேடின. ஷமீமாவிடம் சொன்னேன்: "பின்னால வந்து சொல்லு."

"எந்தச் சவுட்டு?"

"என் சவுட்டு."

சொன்னாள். ஒவ்வொரு இறக்கத்திலும், காய்கறி விற்கிறவர்போல ராகம் போட்டு, "சவுட்டேய், சவுட்டேய்" என்று கூவிக்கொண்டே வந்தாள். களியலில் பால் விடாத கட்டன் சாயா குடிக்க நின்றபோது கடைக்காரர், "என்னத்த விக்கியளு?" என்று கேட்டார். அதற்குப் பிறகு ஆற்றை ஒட்டிய சாலை. ஒரு பக்கம் கோதையாறு, மறுபக்கம் ரப்பர், மேலே இலைகளுக்கு நடுவில் துண்டு துண்டாக வானம். வாய்விட்டுச் சொல்கிறேன், நான் ஓட்டிய சாலைகளில் இதற்கு இணையாக இரண்டோ மூன்றோதான் இருக்கும். திற்பரப்புக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போதுதான் கவனித்தேன். கூவல் எப்போதோ நின்றிருந்தது. ஷமீமா ரொம்பத் தூரம் பின்னால், வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். கடைசி மூன்று இறக்கங்களை நான் யாரும் சொல்லாமல் இறங்கியிருந்தேன்.

அருவியில் கூட்டம் இருந்தது. பெண்களுக்குத் தனி இடம் உண்டு. பாறையில் பரவி விழும் நீர், தோளில் தட்டிக்கொடுப்பதுபோல இதமாக இருந்தது. மணிக்கட்டைச் சிறிது நேரம் அதன் கீழே பிடித்திருந்தேன். அதற்கு எந்தக் காரணமும் இல்லை.

திரும்புவதற்குக் குட்டியானை என்று இங்கே அழைக்கப்படும் சின்னச் சரக்கு வண்டியைப் பிடித்து, சைக்கிளை ஏற்றி, நான் முன்னால் உட்கார்ந்தேன். ஓட்டுநர் விவரமெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மலேசியாலேந்து வந்து சைக்கிள் சவுட்டுதியளா? அங்க ரோடு இல்லியா?"

இருக்கிறது. இதைவிட அகலமான, குழியில்லாத சாலைகள் இருக்கின்றன. ஆனால் அங்கே என்ன சொன்னாலும் எனக்குச் சரியாகப் புரிந்துவிடும். நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்ததை விடுவதற்கு, அரைகுறையாகப் புரிகிற ஓர் ஊர் வேண்டியிருந்தது. இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. "இருக்கு, ஆனா இங்க மட்டிப் பழம் இருக்கே" என்றேன். "அது செரியாக்கும்" என்று ஒத்துக்கொண்டார்.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். டிசம்பர் பிற்பாதியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும், ஆகவே விடியலில் கிளம்பவும். சைக்கிள் வாடகைக்குக் கிடைப்பது அரிது. தெரிந்தவர்களிடம் கேளுங்கள் அல்லது சொந்தச் சைக்கிளைக் கழற்றிக் கொண்டுவாருங்கள். கன்னியாகுமரியில் ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும். நான் விசாரித்தபோது நாளுக்கு ஐந்நூறு ரூபாய் சொன்னார்கள். மோட்டார் வண்டி ஓட்ட பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் கையில் இருக்கவேண்டும், தலைக்கவசமும் கட்டாயம். இங்கும் இடப்பக்கம்தான், மலேசியர்களுக்குக் குழப்பமில்லை. குட்டியானைக்குத் தேங்காப்பட்டணம் வரை தொள்ளாயிரம் ரூபாய் கொடுத்தேன். பேருந்துகள் வளைவில் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும், ஆகவே ஓரத்தை விடாதீர்கள். கோலம் போடாதீர்கள். சிதறாலில் பாறை சுடுவதற்குள் இறங்கிவிடுங்கள். உங்களோடு வருபவர் உள்ளூர்க்காரர் என்றால், கிளம்புவதற்கு முன் எந்தச் சொல்லுக்கு நிற்பது, எந்தச் சொல்லுக்குப் போவது என்று ஒருமுறை பேசி வைத்துக்கொள்ளுங்கள். பேசி வைக்காமல் போனதற்காக நான் வருந்தவில்லை என்பது வேறு.

ஞாயிற்றுக்கிழமை, திருவனந்தபுரம் விமான நிலையத்தில் உட்கார்ந்து கம்பார் ஆசிரியருக்குச் செய்தி அனுப்பினேன். "ஐயா, மன்னிக்கவும். சைக்கிள் விற்பதற்கில்லை. நானே சவுட்டுகிறேன்."

சற்று நேரத்தில் பதில் வந்தது. ஒரே சொல்.

"யாரை?"